சாணி மெத்தையும் நான்கு ஜோடி முழங்கால்களும்

காலை எட்டு மணி இருக்கும். எங்கள் மாட்டுக் கொட்டகைக்குள் நான்கு பேர் வரிசையாக முழங்காலிட்டிருந்தோம். நான், என் மனைவி பாக்கியம், பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணன், கால்நடை டாக்டர் மாலதி. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்து முணுமுணுவென்று எண்ணிக்கொண்டிருந்தார்.

அந்த நேரம் பார்த்துப் பால் லாரி ஓட்டும் ரசாலி உள்ளே வந்தார். அவர் மலாய்க்காரர். எஸ்டேட்டில் தமிழ்ப் பிள்ளைகளோடு பந்து விளையாடி வளர்ந்தவர் என்பதால் தமிழ் நன்றாகப் பேசுவார். எங்களைக் கண்டதும் அப்படியே நின்றுவிட்டார். தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். தலை குனிந்து, என் காதோரமாக வந்து ரகசியமாகக் கேட்டார்:

“யாருண்ணே செத்துட்டா?”

பாக்கியத்துக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தோள் குலுங்கியது.

“ஆண்ட்டி, ஆடாதீங்க! இன்னும் பன்னெண்டு செகண்ட் இருக்கு!” என்று டாக்டர் அதட்டினார்.

பிள்ளைகளே, யாரும் சாகவில்லை. நாங்கள் சாமி கும்பிடவும் இல்லை. நாங்கள் முழங்காலிட்டிருந்தது சாணியின்மேல். அந்த முப்பது விநாடி முடிந்து எழுந்திருக்கும்போது எங்கள் முழங்கால்கள் நனைந்திருக்குமா, காய்ந்திருக்குமா என்பதில்தான் எங்கள் பிழைப்பே தொங்கிக்கொண்டிருந்தது.

நனைந்ததா, காய்ந்ததா? பொறுங்கள். முதலில் மாடுகளை உங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் அவை கோபித்துக்கொள்ளும்.

கோப்பி, கிச்சாப், சந்தான்

ரெம்பியாவிலிருந்து கொஞ்சம் உள்ளே போனால், செம்பனைத் தோட்டம் முடிகிற இடத்தில் எங்கள் வீடு. வீட்டுக்குப் பின்னால் கொட்டகை. பதினான்கு கறவை மாடுகள். பெயர் வைத்தது எல்லாம் பாக்கியம்தான். அவள் சமையல்கட்டிலிருந்தே பெயர் எடுப்பாள். பழுப்பு மாடு கோப்பி. சோயா சாறு மாதிரிக் கறுப்பாக இருப்பது கிச்சாப். தேங்காய்ப் பால் நிறத்தில் இருப்பது சந்தான். மற்றவற்றின் பெயரையும் சொன்னால் உங்களுக்குப் பசித்துவிடும்.

மாடு நின்றுகொண்டே பால் கொடுக்கும். ஆனால் பாலைப் படுத்துக்கொண்டுதான் தயாரிக்கும் என்று சொல்லலாம். ஒரு நாளில் பாதி நேரம் படுத்து அசைபோட்டால்தான் அதற்கு உடம்பு நன்றாக இருக்கும். அதனால் அது படுக்கிற இடம் மெத்தென்று இருக்க வேண்டும். முக்கியமாக, காய்ந்திருக்க வேண்டும். ஈரத்தில் படுத்தால் கிருமி மடியில் ஏறிவிடும். மடி வீங்கும், சுடும், பால் திரியும். அதற்கு மடிநோய் என்று பெயர்.

பல வருடங்களாக நாங்கள் மரத்தூள்தான் போட்டுவந்தோம். நாற்காலி மேசை செய்கிற ஒரு பட்டறையில் சாக்குச் சாக்காக அள்ளிவருவேன். பிறகு பட்டறையை மூடிவிட்டார்கள். வேறு இடங்களில் கேட்டால், காளான் வளர்ப்பவர்கள் எனக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார்கள். ஒரு கைப்பிடி தூள்கூட மிஞ்சவில்லை.

மாடுகள் வெறும் சிமெண்டுத் தரையில் படுக்க மாட்டோம் என்று நின்றுவிட்டன. பள்ளிக்கூடத்தில் தண்டனைக்கு நிறுத்தப்பட்ட பிள்ளைகள் மாதிரி, நாளெல்லாம் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றன. படுத்த மாடுகளுக்கோ முட்டி தேய்ந்து புண்ணாகியது. மடிநோய் ஒவ்வொன்றாக வர ஆரம்பித்தது.

பால் வாங்கும் நிலையத்தில் வாரந்தோறும் மாதிரி எடுத்துக் கிருமி பார்ப்பார்கள். இரண்டு தடவை எங்கள் பால் தேறவில்லை. “இன்னொரு தடவ இப்படி வந்தா லாரி உங்க வாசல்ல நிக்காது” என்று சொல்லிவிட்டார்கள். கோபமாகச் சொல்லவில்லை, தன்மையாகத்தான் சொன்னார்கள். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். தன்மையாகச் சொன்னதற்கு என்ன செய்ய முடியும்?

லாரி நிற்காவிட்டால் மாடுகளை விற்பதைத் தவிர வேறு வழியில்லை. பதினான்கையும்.

தேங்காய்க்கு அல்ல

டாக்டர் மாலதிதான் அந்த யோசனையைச் சொன்னார்.

“அங்கிள், படுக்கைக்கு ஊரெல்லாம் தேடுறீங்க. அது உங்க கொட்டகையிலயே தெனமும் விழுந்துக்கிட்டு இருக்கு.”

“என்ன விழுது?”

“சாணி.”

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. வேறு தேசங்களில் பெரிய பண்ணைகளில் இப்படித்தான் செய்கிறார்களாம். சாணியைப் பிழிந்து தண்ணீரை எடுத்துவிட்டால் மிஞ்சுவது மாடு தின்ற புல்லின் நார்தானாம். அந்த நாரை ஓர் உருளைக்குள் போட்டு, காற்று விட்டு மெதுவாகச் சுற்றினால் அது தானாகவே சூடாகுமாம். அந்தச் சூட்டில் நோய்க்கிருமிகள் பெரும்பாலும் செத்துப்போகும். வெளியே வருவது உதிரியாக, காய்ந்து, நாற்றமில்லாமல் இருக்கும்.

நான் வீட்டுக்குள் போய்ப் பாக்கியத்திடம் சொன்னேன். அவள் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள்.

“என்னாங்க, வாயில்லா ஜீவன அதோட சாணியிலயே படுக்க வெக்கிறதா? பாவம் பிடிக்கும்!”

ஆனால் அந்தோணி அண்ணனிடம் சொன்னபோது அவர் கண் விரிந்தது. அவர் லாரிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சும்மா இருந்தால் காய்ச்சல் வந்துவிடும் அவருக்கு. மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போய், சிமெண்டு கலக்கும் லாரியின் உருளை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டார். துருப்பிடித்து, புல் முளைத்து, உள்ளே ஒரு பூனைக் குடும்பத்தோடு கிடந்ததாம். பூனைகளை வேறு இடத்தில் குடிவைத்துவிட்டு உருளையைத் தூக்கிவந்தார். சூடு வெளியேறாமல் இருக்க, கூரைக்கு அடியில் விரிக்கிற பஞ்சை வெளியே கனமான போர்வை மாதிரி சுற்றினார். காற்றுக்குக் குழாய் வைத்தார். மோட்டார் மாட்டினார்.

பிழிவதற்கு மெஷின்? கோலா சுங்கை பாருவில் அவருடைய மச்சான் பசாரில் தேங்காய்ப் பால் பிழிந்து விற்கிறவர். பழைய மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. அதையும் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார்.

பாக்கியம் வாசலில் நின்று அதைப் பார்த்தாள்.

“அண்ணே, இது தேங்காப்பால் மெஷின் மாதிரி இருக்கே?”

“ஆமா, அதேதான்.”

“இதுலயா சாணிய…?”

“நல்லாப் பிழியும்மா. ஒரு சொட்டு நிக்காது.”

“அது சரிண்ணே. நாளைக்கி உங்க மச்சான் மறதியா திரும்பக் கேட்டா?”

அந்தோணி அண்ணன் தலையைச் சொறிந்தார். பிறகு சிவப்பு பெயிண்ட் எடுத்துவந்து மெஷினின் நெற்றியில் பெரிதாக எழுதினார்: தேங்காய்க்கு அல்ல. மலாயிலும் எழுதச் சொன்னாள் பாக்கியம். எழுதினார். இரண்டு மொழியிலும் எழுதிய பிறகுதான் அவளுக்குத் தூக்கம் வந்தது.

அடுப்பில்லாத அடுப்பு

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்லவேண்டும். நான் படித்தது மூன்றாம் படிவம், அதாவது ஒன்பதாம் வகுப்பு, வரைதான். அதனால் எனக்கு விளங்கிய மாதிரி சொல்கிறேன்.

பள்ளி பஸ்ஸில் எழுபது பேரை ஏற்றி, எல்லா ஜன்னலையும் சாத்தி, எல்லாருக்கும் ஆளுக்கொரு பொட்டலம் நாசி லெமாக் கொடுத்தால் பஸ் எப்படிச் சூடாகும்? அப்படித்தான் உருளைக்குள்ளும். கண்ணுக்குத் தெரியாத கோடானு கோடி உயிர்கள் அந்த நாரைத் தின்கின்றன. தின்னத் தின்னச் சூடு ஏறுகிறது. நெருப்பு கிடையாது, மின்சார அடுப்பு கிடையாது. எங்கள் நீளக் கம்பி வெப்பமானி அறுபத்தைந்து டிகிரி காட்டியது. மழை பெய்துகொண்டிருந்த காலையில் மூடியைத் திறந்தோம். ஆவி குபுகுபுவென்று வந்தது, இட்லிப் பானையைத் திறந்த மாதிரி.

“சியாப்!” என்று கத்தினார் அந்தோணி அண்ணன். தயாராகிவிட்டதாம். ஒரு கை அள்ளி என் மூக்குக்கு நேரே நீட்டினார். சாணி வாசமே இல்லை. மழை விட்ட பிறகு காட்டுக்குள் நடந்தால் ஒரு வாசம் வருமே, அது.

ரசாலியின் மூக்குக்கும் நீட்டினார். ரசாலி மூன்றடி பின்னால் போய், பிறகு இரண்டடி முன்னால் வந்து முகர்ந்தார்.

“தாக் பூசோக்!” என்றார் ஆச்சரியமாக. நாறவில்லையாம். “என் லாரி சீட்டைவிட வாசமா இருக்குண்ணே.”

படுக்கையில் பரப்பினோம். சந்தான் முதலில் முகர்ந்து பார்த்தது. ஒரு காலை வைத்தது. எங்களைத் திரும்பிப் பார்த்தது. பிறகு முன்னங்காலை மடக்கி, ‘ம்ம்ம்ம்’ என்று பெருமூச்சு விட்டுப் படுத்ததே பார்க்கலாம்! நானும் அந்தோணி அண்ணனும் கையைப் பிடித்துக்கொண்டு சுற்றிச் சுற்றி ஆடினோம். இரண்டு பேருக்கும் வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது என்பதை யாரும் நினைவூட்டவில்லை.

ஐந்து தகர டின்கள்

நான் பிறந்தது ரப்பர் எஸ்டேட்டில். அங்கே விடிந்ததும் ஒவ்வொரு வீட்டிலும் வாசலில் சாணி தெளிப்பார்கள். வெள்ளிக்கிழமையானால் கொஞ்சம் மஞ்சளும் சேரும். தெளித்தால்தான் வாசல் சுத்தம். தெளிக்காத வாசலில் எந்த நல்ல காரியமும் தொடங்காது. சாணி கொண்டுவருவது பிள்ளைகள் வேலை. எங்கள் லயத்து வரிசை வீடுகளில் மாடு குறைவு, பிள்ளைகள் அதிகம். ஒரு மாடு வாலைத் தூக்கினால் போதும், ஐந்து பேர் ஐந்து தகர டின்னோடு ஓடுவோம். யார் டின்னில் விழுந்தது என்பதற்குப் பஞ்சாயத்தெல்லாம் நடந்திருக்கிறது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், சாணி தெளிப்பது என்பது எங்கள் கையில் ஊறிப்போனது. யோசித்துச் செய்வதில்லை. கை தானாகச் செய்யும்.

தோளில் ஒரு தட்டு

புதுப் படுக்கை போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. ஒரு நாள் கோப்பியின் மடி வீங்கியது. தொட்டால் சுட்டது. அதன் பாலைத் தனியாகக் கறந்து கொட்டினோம். டாக்டர் வந்து மருந்து போட்டார். மூன்றாவது மாதிரி எடுக்க இன்னும் சில நாள்தான் இருந்தது.

எல்லார் கண்ணும் உருளைமேல் போனது. அந்தோணி அண்ணனின் கண்ணும்தான். உருளையை நிறுத்தி, தலையை உள்ளே விட்டு, டார்ச் அடித்துப் பார்த்தார். குழாயைக் கழற்றி மாட்டினார். வெப்பமானியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுச் சோதித்தார். எதிலும் குறை தெரியவில்லை. அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. இரண்டு நாள் உருளையையே சுற்றிச் சுற்றி வந்தார்.

மூன்றாம் நாள் சாயங்காலம் வந்து நின்றார்.

“செல்வம், நான் இத கழட்டி எடுத்துக்கிட்டுப் போயிடுறேன். என் மெஷினால உன் மாடு போச்சுன்னா நான் எப்படி இந்தப் பக்கம் வருவேன்?”

நான் பெரிய மனசு பண்ணி அவர் தோளைத் தட்டினேன். “தப்பு யாருக்கும் வரும்ணே. நான் மனசுல வெச்சுக்கல” என்றேன். அப்படி மன்னித்ததில் எனக்கே என்மேல் ஒரு மரியாதை வந்தது.

பிள்ளைகளே, அந்தத் தட்டை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது. ஏன் என்று இப்போது தெரிந்துவிடும்.

முப்பது விநாடி

மறுநாள் காலை டாக்டர் மாலதி வந்தார். அப்போது நடந்ததுதான் தொடக்கத்தில் நான் சொன்ன காட்சி.

“படுக்கை காஞ்சிருக்கா இல்லையான்னு பாக்க ஒரு சுலபமான வழி இருக்கு. ரெண்டு முழங்காலையும் ஊனி முப்பது செகண்ட் நில்லுங்க. காச்சட்டை நனைஞ்சா படுக்கை ஈரம்” என்றார் டாக்டர்.

ஆளுக்கொரு இடத்தில் வரிசையாக முழங்காலிட்டோம். எனக்குப் பத்து விநாடியிலேயே வலித்தது. பாக்கியம் கைலியை இழுத்துவிட்டுக்கொண்டு நெளிந்தாள். அந்தோணி அண்ணன் மட்டும் நட்ட கம்பம் மாதிரி அசையாமல் நின்றார்.

“அங்கிளுக்கு நல்ல அனுபவம் போல,” என்றார் டாக்டர்.

“நாப்பது வருசமா ஞாயித்துக்கெழம தவறாம கோயில்ல முழங்கால் போடுறேன் டாக்டர். சாணியில இதான் மொத தடவ.”

அப்போதுதான் ரசாலி வந்து தொப்பியைக் கழற்றினார். முப்பது விநாடி முடிந்தது. எழுந்தோம். குனிந்து பார்த்தோம்.

எட்டு முழங்காலும் நனைந்திருந்தன.

அந்தோணி அண்ணன் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை. அவர் ஸ்பேனரை எடுக்கப் போய்விட்டார், உருளையைக் கழற்ற.

“இருங்க அங்கிள்,” என்றார் டாக்டர். நேரே உருளைக்குப் பக்கத்தில் போனார். அன்று காலை வெளியே வந்த குவியல் அங்கே இருந்தது. காய்ந்த சாக்கு இரண்டை முழங்காலில் கட்டிக்கொண்டு அந்தக் குவியல்மேல் தொப்பென்று ஊன்றினார். மறுபடி முப்பது எண்ணினார். எழுந்து காட்டினார். சாக்கு காய்ந்து கிடந்தது.

“இங்க காஞ்சிருக்கு. மாடு படுக்கிற எடத்துல ஈரமா இருக்கு. நடுவுல என்ன நடக்குது? செல்வம் அங்கிள், காலையில என்ன செய்வீங்க? ஒண்ணு விடாம சொல்லுங்க.”

நான் ஒழுங்காகச் சொன்னேன். “எந்திரிப்பேன். மூஞ்சி கழுவுவேன். மாட்ட வெளிய கட்டுவேன். பழச வழிச்சிட்டு புதுசப் பரப்புவேன். அப்புறம் தெளிப்பேன்.”

“என்ன தெளிப்பீங்க?”

“சாணித் தண்ணிதான்.”

டாக்டரின் வாய் திறந்தது. “எந்தச் சாணி?”

“புதுச் சாணி டாக்டர்!” என்றேன் பெருமையாக. “அப்பப் போட்டது. சுடச்சுட. ஒரு வாளி கரைச்சு, மாவிலையால பதினாலு எடத்துலயும் தெளிப்பேன். பாவம் பிடிக்கக் கூடாதுல்ல?”

“மஞ்சள் நான்தான் கலந்து குடுப்பேன்,” என்றாள் பாக்கியம், தன் பங்கும் விட்டுப்போகக் கூடாதே என்று.

டாக்டர் மெதுவாகத் தீவனத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார். அந்தோணி அண்ணன் கையில் ஸ்பேனரோடு என்னையே பார்த்தார்.

“செல்வம். பிழிஞ்சு, காய வெச்சு, அறுபத்தஞ்சு டிகிரியில கிருமியெல்லாம் ஒண்ணொண்ணா சாவடிச்சு நான் வெளிய எடுத்துக் குடுக்கிறேன். நீ போயி, ஒரு வாளி கிருமிய புதுசா கொண்டாந்து மஞ்ச தெளிச்சுக் குடி வெச்சிருக்க!”

“அலாமாக்!” என்று ரசாலி தலையில் கை வைத்தார். அப்புறம் ஆரம்பித்தது பாருங்கள் சிரிப்பு! ரசாலி பால் கேனைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். பாக்கியம் முதலில் கோபித்து, பிறகு தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. நான் அந்தோணி அண்ணன் முன்னால் போய் நின்றேன்.

“தப்பு என்னுதுண்ணே. ரெண்டு நாளா உங்கள…”

“தாப்பாலா,” என்றார் அவர். பரவாயில்லையாம். “நேத்து என் தோளத் தட்டுன இல்ல? அத மட்டும் திருப்பிக் குடுத்துடுறேன்.”

கொடுத்தார். சாணிக் கையோடு, சத்தம் கேட்கிற மாதிரி. அந்த அடியில்தான் எனக்கும் சிரிப்பு வந்தது.

அன்றே பதினான்கு இடத்தையும் சுரண்டிக் கழுவிக் காயவைத்தோம். புதிதாகப் பரப்பினோம். பாக்கியம் மாவிலையைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரையே பார்த்தாள்.

“வாசல்ல தெளிங்க ஆண்ட்டி, தாராளமா தெளிங்க. மெத்தையில மட்டும் வேணாம்,” என்றார் டாக்டர்.

சத்தம் போடாமல்

மூன்றாவது மாதிரியை ரசாலிதான் சின்ன போத்தலில் எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்துக்கொண்டு போனார். மாட்டு மடிகளைத் துடைத்துத் துடைத்து எங்கள் கை வெளுத்துவிட்டது. கோப்பியின் வீக்கம் வடிந்துகொண்டிருந்தது. அந்தச் சில நாள்களில் பாக்கியம் இரண்டு தடவை சாம்பாரில் உப்பு போட மறந்தாள். நான் இரண்டு தடவையும் அதைக் கவனிக்காமல் சாப்பிட்டேன்.

முடிவு வருகிற காலையில் டாக்டரும் வந்துவிட்டார், வேலைக்குப் போகிற வழியில் சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி. அந்தோணி அண்ணன் சும்மா எட்டிப் பார்க்கிற மாதிரி நாற்காலியே கொண்டுவந்திருந்தார். வாசலில் நின்றோம். லாரிச் சத்தம் கேட்டது. வளைவில் திரும்பியது. வந்தது. எங்கள் வாசலைத் தாண்டிப் போனது.

நிற்கவில்லை.

பாக்கியம் என் கையைப் பிடித்தாள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

பிறகு ‘பீப், பீப், பீப்’ என்று ஒரு சத்தம். லாரி பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. வாசலில் ரோட்டுக்காரர்கள் கொட்டியிருந்த மண்ணைச் சுற்றிப் பின்பக்கமாக உள்ளே வர ரசாலி கொஞ்சம் முன்னால் போயிருக்கிறார், பாவி மனுஷன்! இறங்கினார். நேரே குழாயை எடுத்துப் பால் தொட்டியில் மாட்டினார். பம்பைப் போட்டார். அப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“லூலுஸ்,” என்றார். தேறிவிட்டது. “நல்லாவே தேறிடுச்சுண்ணே.”

நான் ‘ஓஓஓ’ என்று கத்திக்கொண்டு கொட்டகைக்குள் ஓடினேன். மாடுகளிடம்தானே முதலில் சொல்ல வேண்டும்! எனக்கு முன்னால் அந்தோணி அண்ணன் ஓடிப்போய் வாசலை மறித்துக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தார்.

“ஷ்ஷ்! சத்தம் போடாதடா. உள்ள பாரு.”

எட்டிப் பார்த்தேன். பதினான்கும் படுத்திருந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை. கிச்சாப் கன்னத்தைத் தரையில் வைத்து, வாயோரம் நுரை வழிய, அயர்ந்து கிடந்தது. கோப்பி கண்ணை மூடிக்கொண்டு அசைபோட்டது. இவற்றை எழுப்ப யாருக்கு மனசு வரும்?

ஆனால் எங்களுக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. என்ன செய்வது? வாயைப் பொத்திக்கொண்டு குதித்தோம். பூட்ஸ் சத்தம் வருகிறது என்று பாக்கியம் சைகை காட்டினாள். பூட்ஸைக் கழற்றிவிட்டுக் குதித்தோம். நான், பாக்கியம், அந்தோணி அண்ணன், டாக்டர் மாலதி. ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, மூச்சைக்கூட மெதுவாக விட்டு. ரசாலி பம்பை விட்டுவிட்டு வந்தார். ஒரு நிமிடம் எங்களைப் பார்த்தார். இந்தத் தடவை எதுவும் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அவரும் வந்து சேர்ந்துகொண்டார்.